வாசலில் வால் தூக்கி நிற்கும் தேனீ

தேனீக் குடும்பத்தில் மணமும் மகப்பேறும்

வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு காணி. அதற்குரிய குடும்பம் 1990இல் அதை விட்டுப் புறப்பட்டது. ஐந்து வருடம் உறவினர் வீடொன்றில் ஒதுங்கி இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, அவர்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள். 2010ஐ அடுத்து வந்த ஆண்டுகளில் வலிகாமம் வடக்குக் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. இவர்களுடைய முறை வந்தபோது காணியில் மிச்சமாக இருந்தவை வீட்டின் அத்திவாரம், கிணற்றுக்கட்டு, தலையில்லாத சில பனைகள், அவ்வளவுதான்.

அங்கே அவர்கள் கொண்டுவந்த முதற் சாமான்களில் ஒன்று தேனீப் பெட்டி. தென்மராட்சியில் பழகிய தொழில். இரவில் வாசலை அடைத்து, சாக்கினால் சுற்றி, லான்ட்மாஸ்ரரில் மெல்லக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்த நாட் காலை நானும் போயிருந்தேன். வாசலைத் திறந்தோம். நூற்றுக்கணக்கான பூச்சிகள் வெளியே பாய்ந்து பெட்டியைச் சுற்றி வட்டமிட்டன. வீட்டுக்காரருக்கு முகம் கறுத்தது.

“பாதர், எல்லாம் விட்டிட்டுப் போகப்போகுதோ?”

“ஐயா, மேலே பாராதேங்கோ. வாசலைப் பாருங்கோ” என்றேன்.

வாசற் பலகையில் ஏழெட்டுத் தேனீக்கள் அசையாமல் நின்றன. தலை தாழ்ந்து, வயிற்றின் நுனி மேலே தூக்கியபடி, சிறகை மாத்திரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. நுனிக்குச் சற்று முன்னால் முதுகுப்புறத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. அரை மணித்தியாலத்தில் வட்டமிட்ட பூச்சிகள் ஒவ்வொன்றாக இறங்கி உள்ளே போயின. “இதுதான் நம்முடைய வீடு, இங்கே வாருங்கள்” என்று அந்த ஏழெட்டும் தம் இனத்தை அழைத்திருந்தன. சத்தத்தால் அல்ல, மணத்தால்.

தேனீ வளர்க்கும் குடும்பங்கள் பல இந்த மணத்தின் கதையை முழுமையாக அறியாமலே பெட்டிகளை இழக்கின்றன. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அழைக்கும் மணம்

வேலைக்காரத் தேனீயின் வயிற்றில், முதுகுப்புறத்தில், கடைசி வளையத்துக்கும் அதற்கு முந்திய வளையத்துக்கும் இடையே ஒரு சுரப்பி உண்டு. அதை விவரித்த ரஷ்ய விலங்கியலாளரின் பெயரால் அது நசனோவ் சுரப்பி எனப்படுகிறது. மற்ற வேளைகளில் அது வளையத்தின் கீழ் மறைந்திருக்கும். அழைக்கவேண்டிய வேளையில் தேனீ வயிற்றைத் தூக்கி, கடைசி வளையத்தைக் கீழே மடக்கும். அப்போது சுரப்பியின் வாய் திறந்து மணம் வெளிப்படும். சிறகடித்து அதைக் காற்றில் பரப்பும்.

இந்த மணத்தில் ஜெரானியோல், சித்திரால் முதலிய பொருட்கள் கலந்திருக்கின்றன. எலுமிச்சம்புல்லின் எண்ணெயிலும் இவை உண்டு. அதனாற்றான் வெற்றுப் பெட்டிக்குள் எலுமிச்சம்புல்லைக் கசக்கித் தேய்த்து வைத்தால், இடம் தேடி வரும் தேனீக் கூட்டம் அதை நாடுவதுண்டு. கூட்டம் பிரிந்து கிளையில் தொங்கும்போதும், புதிய பொந்துக்குள் நுழையும்போதும் இதே அழைப்பு நடக்கிறது. ஆண் தேனீக்கு இந்தச் சுரப்பி இல்லை. வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்கும் பொறுப்பு வேலைக்காரத் தேனீக்கே உரியது.

ஒரு எச்சரிக்கை. வெயில் நேரத்தில் பெட்டியைக் குளிராக்கவும் தேனீக்கள் வாசலில் நின்று சிறகடிக்கும். நம் நாட்டுத் தேனீ அப்போது தலையை வெளிப்புறம் திருப்பி நிற்கும். அவ்வேளை வால் தூக்கியிராது, வெளிறிய கோடும் தெரியாது. இரண்டையும் பிரித்தறியப் பழகிக்கொள்ளுங்கள்.

பெட்டியை இடம் மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. வெளியே சென்று தேன் கொண்டுவரும் தேனீ தன் பெட்டி இருந்த இடத்தைத்தான் மனத்தில் பதித்து வைத்திருக்கிறது. ஒரே காணிக்குள் நூறு யார் தள்ளிப் பெட்டியை வைத்தால், வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பி, பெட்டியைக் காணாமல் மாண்டுபோகும். ஒன்றில் மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோங்கள், அல்லது நாளுக்கு ஒரு அடி வீதம் நகர்த்துங்கள். இடைப்பட்ட தூரம் ஆகாது.

தாய் இருக்கிறாள் என்ற செய்தி

ஒரு பெட்டியில் பல ஆயிரம் வேலைக்காரத் தேனீக்கள், பருவகாலத்தில் சில நூறு ஆண் தேனீக்கள், ஒரேயொரு இராணி. இவ்வளவு பேரும் இருட்டுக்குள் வாழ்கிறார்கள். இராணி இருக்கிறாளா இல்லையா என்று கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. ஆனாலும் இராணி மறைந்தால் சில மணித்தியாலங்களுக்குள் பெட்டி முழுவதும் அறிந்துவிடும். எப்படி?

1950களில் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் கொலின் பட்லர் என்ற அறிஞர் இதை ஆராய்ந்தார். இராணியின் தாடையடிச் சுரப்பிகள் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அருகே நிற்கும் தேனீக்கள் அவளை நக்கியும் தொட்டும் அதை எடுத்து, அடுத்ததற்கும் அடுத்ததற்கும் கொடுத்துக்கொண்டே போகின்றன. பட்லர் இதற்கு இராணிப் பொருள் என்று பெயரிட்டார். அது வந்துகொண்டிருக்கும்வரை குடும்பம் அமைதியாக வேலை செய்கிறது. அது நின்றுபோனால் அமைதி குலைகிறது. காதை வைத்துக் கேட்டால் பெட்டிக்குள் ஒரு முனகல் போன்ற இரைச்சல் எழுவதைக் கேட்கலாம்.

இந்த மணத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. வேலைக்காரத் தேனீயும் பெண்தான். அதற்கும் சிறிய சூலகம் உண்டு. இராணியின் மணமும் வதையிலுள்ள குடம்பிகளின் மணமும் அந்தச் சூலகத்தை வளரவிடாமல் அடக்கி வைக்கின்றன. பெண் முட்டை ஒன்று இராணியாவதும் வேலைக்காரியாவதும் ஊட்டப்படும் உணவைப் பொறுத்தது. பெரிய அறையில் கடைசிவரை அரசகூழ் உண்டு வளர்ந்தது இராணியாகிறது. சில நாட்களுக்குப் பின் தேனும் மகரந்தமும் கலந்த உணவுக்கு மாறியது வேலைக்காரியாகிறது. முட்டை ஒன்றுதான், வளர்ப்புத்தான் வேறு.

தகப்பன் இல்லாத ஆண்

1845இல் ஒரு புதிய கருத்து வெளியாயிற்று. அதைச் சொன்னவர் சிலேசியா நாட்டில் கார்லோவிச் என்ற சிற்றூரின் பங்குக் குரு யொகான் ஜியர்சோன். பங்குமனை வளவில் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தவர். இராணி இடும் முட்டைகளில் கருக்கட்டியவை பெண்ணாகின்றன, கருக்கட்டாதவை ஆணாகின்றன என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. ஆண் தேனீக்குத் தாய் உண்டு, தகப்பன் இல்லை. அக்காலத்து அறிஞர் பலர் இதை ஏற்க மறுத்தார்கள். பின்னர் அதுவே உண்மையென நிலைநாட்டப்பட்டது.

இராணி வாழ்நாளின் தொடக்கத்தில் மாத்திரம் வெளியே பறந்து, வானத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் கூடுகிறாள். பெற்ற விந்தை உடலிலுள்ள ஒரு பையில் ஆண்டுக்கணக்கில் காத்து வைத்திருக்கிறாள். கூடிய ஆண் அப்போதே இறந்துவிடும். ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை, மகரந்தக் கூடை இல்லை. தேன் சேர்க்காது. அதைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். ஆனால் அக்கம்பக்கத்துப் பெட்டிகளிலும் பொந்துகளிலும் ஆண்கள் இல்லாவிட்டால் உங்கள் புதிய இராணி மலடியாகத்தான் திரும்புவாள்.

இந்த விடயத்தில் நம் இலங்கையிலேயே செய்யப்பட்ட ஆய்வு உலகப் பெயர் பெற்றது. கொம்புத் தேனீ, நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீ, பெருந்தேனீ ஆகிய மூன்று இனங்களின் இராணிகளும் ஆணைக் கவர்வதற்கு ஒரே முதன்மையான மணப்பொருளையே பயன்படுத்துகின்றன. அப்படியானால் இனங்கள் ஒன்றோடொன்று குழம்பாதா? 1976இல் ஜேர்மனிய ஆய்வாளர் கோனிகரும் இலங்கையரான விஜயகுணசேகரவும் விடையை வெளியிட்டார்கள். கொம்புத் தேனீயின் ஆண்கள் பறப்பது நண்பகல் 12 மணிக்கும் 2.30க்கும் இடையில். நம் பெட்டித் தேனீயின் ஆண்கள் பறப்பது மாலை 4.15க்கும் 5.15க்கும் இடையில். பெருந்தேனீயின் ஆண்கள் பறப்பது 6 மணிக்கும் 6.45க்கும் இடையில். மணம் ஒன்று, மணி வேறு. அதனால் குழப்பமில்லை. நம் தேனீயின் ஆண்கள் மரங்களின் உச்சிக் கவிப்பையொட்டிக் கூடுகின்றன என்பதையும் 1990இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது.

ஆகவே மாலை நாலு மணிக்கு மேல் பெட்டிகளைத் திறந்து குழப்பாதீர்கள். கன்னி இராணி உள்ள பெட்டியானால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவள் திரும்பி வரும்போது வாசல் இருந்தபடியே இருக்கவேண்டும். வளர்ந்த மரங்களை எரித்தழிக்காமல் சிலவற்றையாவது விட்டுவைப்பதற்கும் இது ஒரு காரணம்.

பெருகுவதுபோலத் தேய்ந்த பெட்டி

மீண்டும் அந்தக் காணிக்கு வருகிறேன். தலையில்லாத பனையொன்றின் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. ஆட்கள் இல்லாத இருபது வருடத்தில் வந்து குடியேறியது. ஐயா பனையைத் தறித்து, வதைகளை வாழைநாரால் சட்டங்களில் கட்டி, இரண்டாவது பெட்டியில் அடைத்தார். நல்ல கூட்டம்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். அவர் மகிழ்ச்சியோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். “இதுக்குள்ளை முட்டை கொள்ளையாக் கிடக்குது, பாதர். ஆண் பூச்சியும் நல்லாப் பெருகுது. அடுத்த வருசம் நாலு பெட்டியாக்கலாம்.”

பொச்சுமட்டைப் புகை கொஞ்சம் காட்டிச் சட்டத்தைத் தூக்கினேன். ஒரு அறைக்குள் ஒரு முட்டை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று, நாலு. சில முட்டைகள் அறையின் அடியில் அல்ல, சுவரில் ஒட்டிக் கிடந்தன. வேலைக்காரத் தேனீ வளரும் சிறிய அறைகளின் மூடிகள் இங்கும் அங்குமாகக் குமிழ்போல் புடைத்திருந்தன. மூடி நடுவில் ஊசித்துளை. நம் நாட்டுத் தேனீயின் ஆண் அறைக்கு அதுவே அடையாளம். நல்ல பெட்டியில் அவை வதையின் கீழ் ஓரத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இப்படிச் சிதறியிராது. புதிதாக வெளிவந்த ஆண்களும் அளவில் சிறுத்திருந்தன.

எனக்கு விளங்கிவிட்டது. ஏனெனில் பல வருடங்களுக்கு முன் நானும் இதே பிழையைச் செய்து, பெருகுகிறது என்று நம்பியிருந்து, முதற் பெட்டியை மெழுகுப் பூச்சிக்குக் கொடுத்தவன்.

அந்தப் பெட்டியில் இராணி இல்லை. பனையிலிருந்து மாற்றும்போது நசிந்தாளோ, அவளுக்குப் பதிலாக வளர்த்த கன்னி இராணியைப் பறக்கும்போது பறவை கவ்வியதோ, யாரறிவார். இராணியின் மணம் நின்றது. புதிய முட்டை இல்லாததால் குடம்பிகளின் மணமும் நின்றது. அடங்கியிருந்த சூலகங்கள் வளர்ந்தன. வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கின. நம் நாட்டுத் தேனீயில் இது ஐரோப்பியத் தேனீயைவிட விரைவாக நடந்துவிடும். ஆனால் அவை ஒருபோதும் ஆணோடு கூடாதவை. இடுவதெல்லாம் கருக்கட்டாத முட்டை. பிறப்பதெல்லாம் ஆண். தேன் கொண்டுவர, பிள்ளை வளர்க்க, வாசல் காக்கப் புதிய கை ஒன்றுகூடப் பிறப்பதில்லை. இருக்கும் வேலைக்காரிகள் வயது போய்ச் சாகச் சாக, பெட்டி முட்டை நிறைந்தபடியே அழிந்துபோகும்.

ஐயாவுக்கு விளங்கப்படுத்தினேன். “இதை மற்றப் பெட்டியோடை சேர்க்கவேணும். வேறை வழியில்லை.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பாதர், முந்தி எல்லாத்தையும் ஒண்டொண்டா விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். இப்பதான் ஒண்டு ரெண்டாச்சுது. அதை நானே ஒண்டாக்கவோ?”

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இருக்கவில்லை. அவருடைய மனைவிதான் சட்டத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு அறைக்குள் நாலு முட்டையைக் கண்டார். “பிள்ளை வளர்க்க ஆளில்லாத வீடு” என்றார். அதோடு முடிவாயிற்று.

சேர்த்த விதம்

பெட்டிகள் இரண்டும் ஏழு அடி இடைவெளியில் இருந்தன. நாளுக்கு ஒரு அடியாக இராணியில்லாத பெட்டியை மற்றதன் பக்கம் நகர்த்தினோம். ஒரு கிழமை சென்றது. எட்டாம் நாள் பொழுதுபட, பூச்சிகள் அடங்கிய பின், இராணியுள்ள பலமான பெட்டியின் மேல்மூடியை எடுத்து, ஒரு பத்திரிகைத்தாளை விரித்து, அதில் குண்டூசியால் சில துளைகள் குத்தினோம். அதன்மேல் இராணியில்லாத பெட்டியின் அறையைத் தூக்கி வைத்து மூடினோம்.

தாள் எதற்கு? ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மணம் உண்டு. வாசற் காவல் தேனீ அந்த மணத்தைக் கொண்டே தன்னவரையும் பிறரையும் பிரித்தறிகிறது. நேரே கொட்டினால் சண்டை மூண்டு, இராணியும் சாகலாம். தாள் இருந்தால் இரு பகுதியும் அதை மெல்ல மெல்லக் கடித்துத் துளைக்கும். இரண்டு மூன்று நாள் செல்லும். அதற்குள் இரண்டு மணமும் கலந்து ஒன்றாகிவிடும். கீழேயுள்ள இராணியின் மணம் மேலேயும் பரவும். மூன்றாம் நாட் காலை வாசலில் கடித்த தாளின் துகள்கள் குவிந்து கிடந்தன. செத்த பூச்சிகள் ஒரு கை அளவுக்கும் குறைவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இல்லை. சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து கிழமைக்கு இருமுறை கொடுத்தார்கள். பெட்டிக் கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்தார்கள். பங்குனியில் வேம்பு பூத்தது. பெட்டி நிரம்பியது. வதையின் கீழ் ஓரத்தில் துளை மூடிய ஆண் அறைகள் வரிசையாகத் தோன்றின. பின்னர் நிலக்கடலை போன்ற இராணி அறைகளும் தொங்கின. மூடிய இராணி அறை ஒன்றுள்ள சட்டத்தையும், தேனும் குடம்பியும் உள்ள வேறு மூன்று சட்டங்களையும், அவற்றில் மொய்த்திருந்த பூச்சிகளோடு வெற்றுப் பெட்டிக்கு மாற்றினோம். மூன்று கிழமைக்குப் பின் அதைத் திறந்தபோது, அறைக்கு ஒன்றாக, அடியின் நடுவில் நிமிர்ந்த முட்டைகள் கிடந்தன.

நீங்கள் செய்யக்கூடியவை

தென்னிந்தியாவில் 1911க்கும் 1917க்கும் இடையில் இயேசு சபைக் குரு நியூட்டன் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்துக் கிராமத்தாருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் கொண்ட பெட்டி இன்றும் தமிழ்நாட்டில் புழங்குகிறது. பெரிய செலவில்லை. ஆனால் பெட்டியைவிட முக்கியமானது அதைப் பார்க்கத் தெரிந்த கண்.

1. பத்து நாளுக்கு ஒருமுறை பெட்டியைப் பாருங்கள். இராணியைத் தேடி மினக்கெடவேண்டாம். முட்டையைத் தேடுங்கள். அறைக்கு ஒன்று, அடியின் நடுவில் என்றால் இராணி நலமாக இருக்கிறாள்.

2. முட்டையே இல்லையென்றால் உடனே மற்றப் பெட்டியிலிருந்து முட்டையும் இளங்குடம்பியும் உள்ள சட்டம் ஒன்றைக் கொடுங்கள். அவை தாமே இராணி வளர்க்கும். பல முட்டை நிலைக்கு வந்துவிட்டால் தாமதியாமல் சேர்த்துவிடுங்கள்.

3. கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்குப் புகை காட்டுங்கள். கொடுக்கிலிருந்து வரும் அபாய மணம் பழுத்த வாழைப்பழ மணத்தை ஒத்தது. அது மற்றவற்றையும் கொட்டத் தூண்டும். கதலிப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்கவேண்டாம்.

4. வெங்காயம், மிளகாய், புகையிலைக்கு மருந்தடிப்பதானால் பொழுதுபட்ட பின் அடியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரோடும் பேசி வையுங்கள். பூசணி, வெள்ளரி, பாகல் பூக்கள் காலையில் மலர்பவை. அவற்றில் பிஞ்சு பிடிப்பதற்குத் தேனீ வேண்டும். அவருக்கும் அது இலாபம்.

5. பெட்டிக்குப் பக்கத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். நம் நாட்டுத் தேனீ வெயிலும் பசியும் எறும்பும் தாங்காது. கூட்டத்தோடு எழும்பிப் போய்விடும்.

அண்மையில் அந்தக் காணிக்குப் போனேன். இப்போது அங்கே ஐந்து பெட்டிகள். வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது. முன்பு பனை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் முருங்கை நட்டிருக்கிறார்கள். ஐயா புதிய பெட்டி ஒன்றின் முன் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் கையால் மறித்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ, பாதர். இண்டைக்குத்தான் வைச்சனான். வாலைத் தூக்குதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நானும் பக்கத்தில் குந்தினேன்.